மாநாட்டு மாமா கிளியாக நின்ற கதை

உலகத்துப் பிள்ளைகளெல்லாம் விளையாட வேண்டுமென்று எங்கள் மாநாட்டு மாமாவைப் போலப் பாடுபட்ட மனிதர் ஒருவருமில்லை. எங்கள் ஒழுங்கைத் தெருப் பிள்ளைகள் மட்டும் அதில் சேர்த்தியில்லை.

கரவெட்டியில் என் வேலிக்கு அடுத்த வேலி அவருடையது. சிறுவரின் விளையாட்டு உரிமையை மாநாடுகளில் பேசவென்று அவர் ஏறாத விமானமில்லை; அதனால் பிள்ளைகளுக்கு அவர் மாநாட்டு மாமா. ஊரில் நிற்கும் நாட்களில் வேலிக்கு மேலால் தலை தெரியும்.

"அக்கா, உந்தப் பெடியளைச் சத்தம் போடாமல் விளையாடச் சொல்லுங்கோ. நான் விளையாட்டு உரிமைக்குப் பேச்சு எழுதிறன்."

"அப்ப நல்லாக் கேட்டு எழுதும் தம்பி!"

நான் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவளில்லை. ஆனால் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் விட்டதுமில்லை.

அவருடைய வெறும் வளவில்தான் பிள்ளைகள் ரியூசன் முடிந்து வந்து கிளித்தட்டு மறிப்பார்கள். நிலத்தில் கீறிய கோடுகளில் மறித்து நிற்பவர்களுக்குத் தப்பி ஓட வேண்டும். நடுக்கோட்டில் ஓடித் திரிந்து, தப்புபவர்களைத் தொடப் பார்ப்பவர்தான் கிளி. ஒருநாள் பார்த்தால் படலைக் கதவில் பூட்டு. உள்ளே, கோடுகளுக்கு மேலேயே பந்தற்கால்கள். வெளிநாட்டுக்காரர் எங்களூருக்கே மாநாட்டுக்கு வருகிறார்களாம்.

"பிள்ளையள் எங்கை தம்பி விளையாடுறது?"

"மாநாடு முடிய இதிலை மண்டபம் ஒண்டு கட்டப்போறன் அக்கா. விளையாட்டு உரிமை மண்டபம்!"

மாநாட்டன்று பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரி இழுத்து, கதிரைகளில் அசையாமல் இருத்தியிருந்தார். மேளம், மாலை, பொன்னாடை, வரவேற்புரை, அதற்குப் பிறகு இன்னொரு வரவேற்புரை. ஒரு வெள்ளைக்காரப் பெண் மொழிபெயர்ப்பவரிடம் ஏதோ கேட்டாள்.

"பிள்ளையள் எப்ப விளையாடுவினம் எண்டு கேக்கிறா."

மாமா நிகழ்ச்சி நிரலை மேலும் கீழும் பார்த்தார். நன்றியுரைவரை எல்லாம் ஒழுங்கு செய்திருந்த மனிதருக்கு விளையாட்டு மட்டும் மறந்துபோயிருந்தது.

நான் எழும்பினேன். "கதிரையளைத் தூக்குங்கோடா!"

சொல்லி வாய் மூடவில்லை, பந்தலுக்குள்ளேயே கோடு கீறியாயிற்று. கிளிக்குத்தான் ஆள் குறைந்தது.

"மாமா, நீங்கள் வாங்கோ!"

"எனக்குத் தெரியாதடா. சின்னனிலை என்னை ஒருத்தரும் விளையாட விடேல்லை."

இதை அவர் எந்த நாட்டு மேடையிலும் சொல்லியிருக்க மாட்டார். சப்பாத்தைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு ஓடினார். கழுத்துப்பட்டி பின்னால் பறந்தது. ஒருவரையும் அவரால் தொட முடியவில்லை.

"மாமா, கிளி கோட்டை விட்டு இறங்கக்கூடாது!"

"சரியடா, சரியடா!" முழங்கால் உரசிய மனிதருக்கு வாயெல்லாம் சிரிப்பு.

பந்தல் போயிற்று. பூட்டும் போயிற்று. மண்டபக் கதையை அவர் பிறகு எடுக்கவில்லை.

இப்போது ஏதோவொரு நாட்டில் பேசிக்கொண்டு நிற்கிறார். பின்னேரமானால் பிள்ளைகள் என்னிடம் வந்துவிடுவார்கள்.

"மாமா எப்ப வருவார்? கிளிக்கு ஆளில்லை."

"வருவார், போங்கோ," என்று கலைத்துவிடுகிறேன். பிறகு நானும் ஒருதரம் அந்தப் படலையை எட்டிப் பார்க்கிறேன்.