ஒத்தக்கை டாக்டரம்மாவின் சின்னப் போன்

தஞ்சாவூர், திருவாரூர் இரண்டு ஜில்லாவையும் சல்லடை போட்டுத் தேடினாலும், போன் கம்பெனிக்காரர்களை எங்கள் ஒத்தக்கை டாக்டரம்மாவைப் போல வயிறெரிந்து திட்டிய இன்னொரு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. காலையில் ஆஸ்பத்திரியைத் திறக்கும்போது ஒரு தடவை, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் வண்டியைக் கிளப்பும்போது ஒரு தடவை என்று ஒழுங்காகத் திட்டுவார். கோயிலில் பூஜைகூட என்றைக்காவது தள்ளிப்போகும், இது தள்ளிப்போனதே இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இரண்டு கையும் நன்றாகவே இருந்தன. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியின் டாக்டர் அவர். மாட்டாஸ்பத்திரிக்கும் எங்கள் பால் சொசைட்டிக்கும் ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் செக்ரட்டரியாக நான். மாடு சினை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவருடைய இடது கை தோள்வரை மாட்டுக்குள் போயிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது கூப்பிடுவார்கள். வலது கை கோட்டுப் பைக்குள் போகும், குட்டியாக ஒரு போன் வெளியே வரும். கட்டைவிரல் ஒன்றே எல்லா வேலையையும் பார்க்கும்.

"சொல்லுங்க, எப்பலேர்ந்து திங்கல? அசை போடுதா? வயித்த தட்டிப் பாருங்க, டம்முனு கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே மருந்தின் பெயரைத் தட்டி அனுப்பிவிடுவார். இடது கை உள்ளே இருக்கும் மாடு பாட்டுக்கு வைக்கோல் தின்றுகொண்டிருக்கும். இதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் ஒத்தக்கை டாக்டரம்மா. சொந்தப் பெயர் மாசம் ஒரு தடவை சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் போனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் பக்கத்து மாட்டுக் கொட்டகைகள் தாழ்வானவை, பட்டப்பகலிலேயே உள்ளே கண் தெரியாது. கன்று சிக்கிக்கொண்டால் டாக்டரம்மாவுக்கு இரண்டு கையும் வேண்டும். அப்போது போனில் லைட்டைப் போட்டு, குறுக்கே வாயில் கடித்துக்கொள்வார். தலையை எங்கே திருப்புகிறாரோ அங்கே வெளிச்சம். ரப்பர் உறையில் அவருடைய பல் தடம் அச்சு வைத்தது மாதிரி பதிந்திருக்கும்.

"டாக்டரம்மா, அத வாயில வைக்கிறீங்களே, சுத்தமா அது?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"செக்ரட்டரி சார், என் கை எங்க போயிட்டு வருதுன்னு உங்களுக்குத் தெரியும். சுத்தத்தப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

தலையில் மாட்டிக்கொள்ளும் லைட் ஒன்றை அவருடைய மகன் பெங்களூரிலிருந்து அனுப்பினான். அதை நெற்றியில் கட்டிக்கொண்டு முதல் கொட்டகைக்குள் நுழைந்தார். நெற்றியில் எரிகிற கண்ணோடு ஒரு ஜீவன் வருவதைப் பார்த்த மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வாய்க்காலில் இறங்கிவிட்டது. கரையில் நின்று எல்லோரும் ஹை ஹை என்று கத்தி அதை மேலே ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த லைட்டை டாக்டரம்மா அதன் பிறகு தொடவில்லை.

ஆக, அந்தச் சின்னப் போன்தான் அவருக்கு டெலிபோன், விளக்கு, மூன்றாவது கை எல்லாமே. அதற்கோ வயசாகிவிட்டது. பேட்டரி மத்தியானத்துக்குள் படுத்துவிடும். "இது போச்சுன்னா எனக்கு வேலையே ஓடாது சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதே அளவில் புதிதாக ஒன்று வாங்க மன்னார்குடிக் கடைக்கு என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகாமல் இருந்திருக்கலாம்.

கடைக்காரர் சிரித்த முகமாக ஒன்றை எடுத்து வைத்தார். "இதான் மேடம் இருக்குறதுலயே சின்னது."

டாக்டரம்மா அதைக் கையில் வைத்துக் கட்டைவிரலை நீட்டினார். அது பாதித் தூரம் போய் நின்றுவிட்டது. "மேல இருக்குறதத் தொடுறதுக்கு உங்க கடையிலேர்ந்து ஆள் அனுப்புவீங்களா?"

"ரெண்டு கையால பிடிச்சுக்கணும் மேடம்."

"இன்னொரு கை மாட்டுக்குள்ள இருக்குய்யா!"

கடையே நிமிர்ந்து பார்த்தது. பக்கத்தில் சார்ஜர் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். கடைக்காரர் பாவம், விஷயம் தெரியாமல், "பெரிய ஸ்கிரீன்னா படம் பாக்க சூப்பரா இருக்கும் மேடம்" என்றார்.

"நான் நாள் முழுக்கப் பாக்குறது மாட்டோட பின்பக்கம். அத இன்னும் பெருசா வேற பாக்கணுமா? மனுசனுக்குக் கை வளரவே இல்ல, போன் மட்டும் ஏன்யா வருசா வருசம் வளந்துகிட்டே போகுது? உரம் போடுறீங்களா?"

கூத்தாநல்லூரில் பழைய போன் விற்கும் பாய் ஒருவரிடமும் போனோம். அவர் கடையில் உலகத்தில் உள்ள எல்லா ஊர்ப் போனும் இருக்கும் என்று பேச்சு. பாய் மேசையையெல்லாம் கலைத்துத் தேடிவிட்டு, "சின்னத எவனும் இப்ப செய்யலம்மா. வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்ககிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன். பழசு கெடச்சாலும் பேட்டரி செத்துப்போய்த்தான் கெடக்கு" என்றார். சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் டாக்டரம்மா பழைய போனைக் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தார்.

இந்த லட்சணத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மாட்டின் காதில் மாட்டும் நம்பர் போட்ட மஞ்சள் வில்லையைப் போட்டோ எடுத்து, விவரத்தை ஓர் ஆப்பில் ஏற்ற வேண்டும். அந்த ஆப் சின்னப் போனுக்குள் இறங்க மாட்டேன் என்றுவிட்டது. ஆபீஸ் கூட்டத்தில் ஓர் அதிகாரி, "டாக்டர், காலத்துக்குத் தகுந்த மாதிரி புதுப் போன் வாங்கிக்குங்க" என்றாராம். இவர் எழுந்து, "புதுக் கை குடுங்க சார், புதுப் போன் வாங்கிக்கிறேன்" என்றிருக்கிறார்.

இதெல்லாம் எங்கள் சொசைட்டி தலைவர் கோவிந்தராஜு காதுக்குப் போயிற்று. நல்ல மனுஷர். ஆனால் எங்கள் பக்கத்தில் மரியாதை என்றால் அளவு. மாலை போட்டால் ஆள் மறைய வேண்டும், பிளெக்ஸ் வைத்தால் வீடு மறைய வேண்டும். டாக்டரம்மாவுக்கு ஊர் சார்பில் ஒரு போன் கொடுப்பது என்று அவர் முடிவு பண்ணினார். மாடு வைத்திருக்கிற வீடெல்லாம் பங்கு போட்டது. "தலைவரே, அவங்க கேக்குறது சின்னது" என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன்.

"யோவ், ஊர் கூடிக் குடுக்குறதுய்யா. தீப்பெட்டியாட்டம் ஒண்ணத் தூக்கிக் குடுத்தா பாக்குறவன் காறித் துப்ப மாட்டான்?"

அவரே போய், கடையில் இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கிவந்தார். செக்ரட்டரி சொன்னால் யார் கேட்கிறார்கள்?

மாட்டுப் பொங்கலன்று சொசைட்டி வாசலில் எல்லா மாடுகளும் கொம்பில் வர்ணத்தோடு நிற்க, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், நடுவில் பலகை மாதிரி அந்தப் போன். டாக்டரம்மா அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன். கூட்டத்தின் முன்னால் நின்ற செல்வி, இன்னும் கன்று போடாத ஒரே ஒரு கிடேரியை வைத்துக்கொண்டு அதை நம்பியே இருக்கிறவர், முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

"என்ன சார் பண்ணச் சொல்றீங்க? வேணாம்னு சொல்லிட்டு இவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றார் என்னிடம். அன்று சாயங்காலமே சிம்மை மாற்றிவிட்டார். சின்னப் போன் வீட்டுப் பீரோவுக்குள் போயிற்று.

பிறகு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! பலகையின் கனத்தில் கோட்டுப் பை கிழிந்தது. ஒரு தடவை தவிட்டுத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. ஒரு கையால் எடுக்க முடியாததால், மாட்டின் முதுகில் போனைச் சாய்த்துவைத்து மூக்கால் தேய்த்துப் பார்த்தார். மூக்கு எங்கேயோ பட்டு அழைப்பு நேராக அந்த அதிகாரிக்கே போய்விட்டது. இந்தப் பக்கம் மாடு கத்துவதையும், ஆப்பைக் கண்டுபிடித்தவன் வம்சத்தை டாக்டரம்மா விசாரிப்பதையும் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஊர்க்காரர்களோ அவர் எடுக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "செக்ரட்டரி, டாக்டரம்மா எங்க? ஓடிப் போய்ச் சொல்லுங்க!" நான் பால் சொசைட்டிக்குச் செக்ரட்டரியா, இவருக்கு எடுபிடியா? கோபமான கோபம் வந்தது. ஆனாலும் ஓடினேன்.

அப்படி ஓடிய ஒருநாள்தான் செல்வியின் கிடேரிக்கு வலி கண்டது. தலையீத்து, முதல் கன்று. காலையிலிருந்து முக்கி முனகிப் படுத்துக் கிடந்தது. வெளியே மழை மூட்டம், கரண்ட் வேறு இல்லை, கொட்டகைக்குள் கும்மிருட்டு. டாக்டரம்மா முட்டி போட்டு உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தார்.

"முன்னங்கால் மடங்கிக் கெடக்கு. கன்னுக்கு உசுரு இருக்கு. நேரம் போனா ரெண்டும் தங்காது."

போனில் லைட்டைப் போட்டு வாயில் வைத்தார். வாய்க்குள் அது எப்படிப் போகும்? குறுக்கே வைத்தார், நெடுக்கே வைத்தார். தாடைதான் வலித்திருக்கும். பலகை வழுக்கி வைக்கோலில் விழுந்தது. செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"சார், நீங்க பிடிங்க!"

பிடித்தேன்.

"மாட்டுக்குக் காட்டுங்க சார், உங்க மூஞ்சிக்கு இல்ல!"

மாட்டுக்குக் காட்டினேன். பால் சொசைட்டியில் இருக்கிறவனுக்கு மாட்டில் பாலை மட்டும்தான் தெரியும். தண்ணீரும் ரத்தமும் ஒன்றாக வந்ததைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன். செல்விதான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வெளிச்சம் காட்டினார்.

டாக்டரம்மாவின் முகம் மாட்டோடு ஒட்டிக்கிடந்தது. "வாடா, வாடா செல்லம்" என்று உள்ளே இருக்கிற கன்றோடு பேசிக்கொண்டிருந்தார். மடங்கிய காலை உள்ளங்கைக்குள் பொத்தி நிமிர்த்தி, கயிற்றை மாட்டினார். "செல்வி, இழு!"

செல்வி போனைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கிடேரி ஒரு உதறு உதறி எழுந்தது. எழும்போது பின்னங்கால் பலகையின் மேல் இறங்கியது. நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது, அவர்களுக்குக் கேட்கவில்லை. கன்று வழுக்கிக்கொண்டு வந்து டாக்டரம்மாவின் மடியில் விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய் தேய் என்று தேய்த்தார். கன்று ஒரு தும்மல் போட்டது. அப்பாடா! அப்போது நானும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார். சாணியில் கிடந்த போனைப் பார்த்தார். டாக்டரம்மா எழுந்து நின்றார். "தலைவரே, ஊர் குடுத்தத ஒடச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார்.

செல்விக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அவங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? நான்தான் கீழ போட்டேன். பழைய போன்னா வாயில கடிச்சுக்கிட்டு அவங்க பாட்டுக்கு வேலையப் பாப்பாங்க. ஒரு வளையல் வாங்குறதுன்னாகூட கை அளவு கேட்டுத்தான வாங்குறோம் தலைவரே? நானும்தான் பங்கு போட்டேன், நானும்தான் கை தட்டினேன். இவங்க கைய நாம ஒருத்தரும் பாக்கவே இல்லியே!"

தலைவர் குனிந்து போனை எடுத்துத் தோள் துண்டால் துடைத்தார். "கண்ணாடிய மாத்தி இத செக்ரட்டரிகிட்ட குடுத்துடுறேன். ஆப்புல ஏத்துறத அவரு பாத்துக்கட்டும். நீங்க பழசையே எடுத்துக்குங்கம்மா" என்றார். சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து ஊர் மாட்டுக் காதையெல்லாம் போட்டோ எடுக்கும் வேலை என் தலையில்.

டாக்டரம்மா போன வருஷம் பட்டுக்கோட்டைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். கிளம்பும் அன்று சொசைட்டி வாசலில் நின்று, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அன்றைக்குத்தான் நான் அந்தக் கைகளைச் சரியாகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கை அளவுதான் இருந்தன. எங்கள் ஊரில் பாதிக் கன்றுகளை வெளியே கொண்டுவந்தவை அவைதானா என்று இருந்தது.

சின்னப் போன் இன்னும் ஓடுகிறதாம். இன்னும் எத்தனை நாளைக்கோ தெரியாது. பேப்பரைத் திறந்தால் முழுப் பக்கத்துக்கு ஒரு புதுப் போன் விளம்பரம், போன வருஷத்தைவிடப் பெரியதாம், அதில் ஒரு பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உலகத்தில் இத்தனை கம்பெனி இருந்து என்ன பிரயோசனம், அந்தக் கைக்கு ஒரு போன் செய்து கொடுக்க ஒருத்தனுக்கும் மனசு வரவில்லையே!