ரோமாபுரிக் கஜானாவுக்கு ஓர் எள் தீபம்

பிள்ளைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று நடுங்கும் தகப்பன்தான் பல நேரம் அந்த ஆபத்தே. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தீத்தடுப்புப் பயிற்சி கொடுப்பவன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். (சிரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினிக்குப் பள்ளியில் வரலாற்று வேடப் போட்டி. ஜெயித்தால் கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டி. மற்ற பிள்ளைகள் ராஜா, ராணி. இவள் பிடித்த வேடம் குவெஸ்டர்: பழைய ரோமில் அரசுப் பணத்துக்குப் பொறுப்பான அதிகாரி. என் வேட்டி அவளுக்கு அங்கியானது. கம்பெனியில் கழித்துப்போட்ட தெர்மாகோலில் தூண் வைத்து நானே கோயில் செய்தேன்.

"கஜானாவுக்கு எதுக்கும்மா கோயில்?" என்று போட்டியன்று காலையில்தான் கேட்டேன்.

"கோயிலுக்குள்ளதாம்ப்பா கஜானாவே. சாட்டர்ன் கோயில்."

"சாட்டர்ன்னா?"

"நம்ம சனிதான்."

அவளுக்கு ஏழரை நடக்கிறது. அன்றைக்குக் கிழமையும் சனி. ஊர்ப் பணத்தை எவனாவது கொண்டுபோய்ச் சனீஸ்வரன் காலடியில் வைப்பானா?

"பேசாம வந்து உக்காருங்க" என்றாள் பள்ளி அரங்கில் மனைவி சுதா. உட்கார்ந்திருக்கலாம். மேடைக்குப் பின்னால் போய், கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, நல்லெண்ணெய் விட்டு ஏற்றி, அந்தக் கோயிலை ஒட்டி வைத்தேன்.

"நான் குவெஸ்டர்! என்னைத் தாண்டி இந்தக் கஜானாவை எவனும் தொட முடியாது!" என்று யாழினி முழங்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் தூண்கள் ஐஸ்கிரீம் போல உருகின. அப்புறம் குப்பென்று பற்றியது.

"பெங்கி! பெங்கி!" என்று தீயைக் கன்னடத்தில் கூவினார் ஒரு பாகலூர் அம்மா. வருஷம் முழுக்கத் தீயணைக்கச் சொல்லித்தரும் நான், கையில் தீப்பெட்டியோடு உறைந்து நின்றேன்.

"தள்ளுப்பா!" யாழினி வேட்டியை உருவி எறிந்துவிட்டுச் சீருடையோடு பாய்ந்தாள். சுவரிலிருந்த தீயணைப்பானை எடுத்து, அதன் கைப்பிடிப் பின்னைப் பிடுங்கி, தீயின் அடியைப் பார்த்து அடித்தாள். (சாப்பாட்டு நேரத்தில் நான் சொல்லிச் சொல்லி அவள் காதைப் புளிக்கவைத்த அதே முறை.) புகை அடங்கியது. முன்வரிசை நடுவர்கள் வெள்ளைப் பொடி மூடி, ரோமாபுரிப் பளிங்குச் சிலைகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு சிலை தும்மிவிட்டுப் பேசியது: "கஜானாவைக் காக்கறதுன்னா இதான். நீ கிருஷ்ணகிரி போற பாப்பா. சார், நீங்க மட்டும் வந்துராதீங்க."

இப்போதெல்லாம் வீட்டில் நான் தீப்பெட்டியைத் தொட்டால் போதும், சுதா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "குவெஸ்டரம்மா, ஓடியா! சனி அடுப்படிக்கு வந்திருக்கு!"