செவன் கிங்ஸுக்குப் போன கரடி

லண்டனுக்கு வந்த நம்மவர்களில் ஒருவர்கூட ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. பஸ்ஸில் கொஞ்சம், ரெயினில் கொஞ்சம், கோயிலில் பிரசங்க நேரத்தில் கொஞ்சம் என்று சில்லறையாகச் சேர்த்துத்தான் காலத்தை ஓட்டுகிறோம். (பிரசங்கத்தின்போது நான் கண்ணை மூடுவதைப் பக்தி என்று எங்கள் பங்குச் சாமியார் இன்றுவரை நம்புகிறார். நம்பட்டும்.) அந்தச் சில்லறை நித்திரையில் ஒரு சிறு துண்டை நான் ஹீத்ரோ விமான நிலையத்தில் செலவழித்தேன். அதன் பலனாக, என் சொந்தப் பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன்பே முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாகி, பொலிஸ் வந்து அந்தப் பதவியைப் பறிக்கும்படி ஆயிற்று.

எனக்கும் மெற்றில்டாவுக்கும் கலியாணமாகிக் கனகாலம் பிள்ளையில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு நடந்து களைத்த பிறகு, ஊரிலிருந்து தத்தெடுப்போம் என்று முடிவு செய்தோம். நடந்து களைப்பது என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கவுன்சிலிலிருந்து ஒரு சமூக சேவகி நோர்பரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு மாதக்கணக்காக வந்துபோனார். நாங்கள் எப்படிச் சண்டை பிடிப்போம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதிலேயே எங்களுக்குச் சண்டை வந்தது.

கடைசியில் மன்னார்ப் பக்கம் கன்னியர்கள் நடத்தும் ஒரு இல்லத்தில் இருந்த அக்காவும் தம்பியும் எங்களுக்கென்று ஆனார்கள். ஜெனிற்றாவுக்கு ஒன்பது வயது, நிக்சனுக்கு ஆறு. கோர்ட்டுக்காக நாங்கள் இருவரும் போனபோது, பேன் தொல்லையால் இல்லத்தில் எல்லாருக்கும் மொட்டை அடித்திருந்தார்கள். நிக்சன் அங்கிருந்த நாளெல்லாம் அக்காவின் பாவாடைக்குப் பின்னாலேயே நின்றான். அவனுடைய மொட்டைத் தலையின் இடது பாதியைத்தான் நான் நன்றாக அறிவேன்.

என் லீவு முடிந்துவிட்டது. நான் திரும்பி வந்து பெற்றோல் ஸ்ரேசன் ஷிப்டில் ஏறினேன். பாஸ்போர்ட், விசா அலுவல்களுக்காக மெற்றில்டா பிள்ளைகளோடு அங்கேயே மாதக்கணக்கில் தங்கினாள். ஒருவழியாக எல்லாம் சரிவந்ததும் போன் எடுத்தாள்.

"ஆக்களைக் கண்டால் உங்களுக்கு அடையாளம் பிடிக்க ஏலாது. தலைமயிர் வளந்து, நல்லா உடம்பும் வைச்சிட்டினம்."

"நான் என்ன வாங்கி வைக்க?"

"சப்பாத்தும் பெனியனும் வாங்கி வையுங்கோ. குளிருக்கு அதுதான் முக்கியம். விளையாட்டுச் சாமான் ஒண்டும் வேண்டாம், அங்கை வந்து அவையே பாத்து எடுக்கட்டும்."

நான் "ஓம், ஓம்" என்றேன். போனை வைத்துவிட்டு யோசித்தேன். முதன்முதலாகப் பிள்ளைகளைக் கூட்டிவர ஏயாப்போர்ட்டுக்குப் பெனியனோடு போய் நிற்கிறவன் என்ன அப்பன்? சட்டன் கடைத்தெருவுக்குப் போய், றிமோட்டில் ஓடும் சிவப்புக் கார் ஒன்றும், என் தோளுயரத்தில் ஒரு கரடிப்பொம்மையும் வாங்கினேன். பஸ்ஸில் கரடிக்கும் எனக்குமாக இரண்டு சீற் தேவைப்பட்டது. எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவி கரடியைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்.

விமானம் காலையில் வந்தது. நான் இரவு முழுக்க வேலை செய்துவிட்டு, யூனிபோர்மைக்கூட மாற்றாமல் சுவிஸ் அண்ணையின் வான் வண்டியில் ஏறினேன். சுவிஸ் அண்ணை என் கூட்டாளி. சுவிஸில் வருடக்கணக்காகக் கோப்பை கழுவி, பாஸ்போர்ட் கிடைத்த கையோடு லண்டனுக்கு வந்து நோர்பரியில் பலசரக்குக் கடை போட்டவர். 'சுவிஸிலை எல்லாம் நேரத்துக்கு நடக்கும்' என்று அடிக்கடி சொல்வார். அன்றைக்கென்று பார்த்து அவரும் நேரத்துக்கு வந்துவிட்டதால், நாங்கள் தேவைக்கு மேல் வெள்ளென ஹீத்ரோவில் நின்றோம்.

"நீர் இதிலை இரும். நான் போய்க் கோப்பி வாங்கியாறன்" என்றுவிட்டு அவர் போனார்.

நான் இருந்தேன். பக்கத்துக் கதிரையில் கரடி. மடியில் கார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கண்ணை ஒரு கணம் கசக்கினேன். அந்த ஒரு கணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கண் விழித்தபோது எனக்கு முன்னால் மங்கலாக இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். பெரியவள் பெட்டை, சின்னவன் பெடியன். தலை நிறைய மயிர். கொழுகொழு என்ற கன்னம். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். (கரடியைப் பார்த்திருக்கிறார்கள். அது பிறகுதான் விளங்கியது.)

"அம்மா எங்கை?" என்று கேட்டேன்.

"ரெலிபோன் எடுக்கப் போயிட்டா" என்றாள் பெட்டை.

மெற்றில்டா என்னைக் காணாமல் போன் எடுக்கப் போயிருக்கிறாள்! பிள்ளைகள் வந்து நிற்க நான் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை! வெட்கத்தில் கைகால் ஓடவில்லை. காரைப் பெடியனின் கையில் திணித்தேன். கரடியைத் தூக்கிப் பெட்டையிடம் நீட்டினேன். அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"தெரியாத ஆக்களிட்டை ஒண்டும் வாங்கக்கூடாதெண்டு அம்மா சொன்னவ."

இத்தனை மாதத்தில் பிள்ளை என்னை மறந்துவிட்டாள். நான் முழங்காலிட்டுச் சொன்னேன்: "நான் தெரியாத ஆளில்லையம்மா. நான்தான் அப்பா."

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "அப்பாவோ?"

"ஓமம்மா, அப்பா."

அவ்வளவுதான். கரடியோடு சேர்ந்து அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெடியனும் வந்து விழுந்தான். நான் அழுதேன். அதை ஒளிப்பானேன், ஏங்கி ஏங்கி அழுதேன்.

அப்போது பின்னால் ஒரு அலறல் கேட்டது. "ஐயோ, ஆரடா நீ? விடடா என்ர பிள்ளையளை!"

மெற்றில்டாவின் குரல் எனக்குத் தெரியும். இது அந்தக் குரல் இல்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் சேலை கட்டிய, நான் ஒருநாளும் கண்டிராத ஒரு பெண் கைப்பையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். கழுத்தில் தொங்கிய பெட்டையைக் குனிந்து பார்த்தேன். அவளையும் நான் ஒருநாளும் கண்டதில்லை.

ஹீத்ரோப் பொலிஸார் பெரிய துவக்குகளோடு நடமாடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் இரண்டு பேர் வந்து எனக்கு இருபுறமும் நின்றார்கள். நான் விளக்க முயன்றேன். வாயில் இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துச் சுவிஸ் அண்ணை இரண்டு கோப்பிகளோடு வந்து சேர்ந்தார். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல மனதோடு, பொலிஸாரிடம் உரத்த குரலில் சொன்னார்: "ஒஃபிசர், நோ புரொப்ளம். திஸ் மான் கெற்றிங் சில்ட்ரன் ருடே. ஃப்ரம் ஏயாப்போர்ட்!"

பொலிஸார் எனக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தார்கள்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மனிதர் ஓடிவந்தார். பேக்கரி வேலைக்காரர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது, புருவத்தில்கூட மா ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. கண்கள் என்னுடையவைபோலச் சிவந்து கிடந்தன. குகன் என்று பெயர். லண்டனின் மறுகோடியில் உள்ள செவன் கிங்ஸில் இருந்து வந்த வழியில் வாகன நெரிசலில் மாட்டிப் பிந்திவிட்டார். சின்னவன் வயிற்றில் இருக்கும்போது ஊரை விட்டு வெளிக்கிட்டவர், இன்றைக்குத்தான் குடும்பம் வந்து சேர்கிறது. இதெல்லாம் அவருடைய மனைவி பொலிஸாருக்குத் தமிழிலேயே சொல்லி அழுததில் எனக்கு விளங்கியது.

பெட்டை கரடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அம்மா, இதிலை ஆர் அப்பா?"

குகன் அப்படியே நின்றார். ஒரு கை பாதி நீட்டியபடி இருந்தது, அதில் ஒன்றும் இல்லை. ஷிப்ட் முடிந்து நேரே ஓடிவந்த மனிதன், ஒரு இனிப்புப் பெட்டி வாங்கக்கூட நேரம் கிடைத்திராது. அந்த முகத்தை அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் குனிந்து, "குடு பிள்ளை, அது அவரின்ர சாமான்" என்று கரடியை இழுத்தார். அவள் ஓவென்று கத்தினாள். தம்பிக்காரன் காரை வயிற்றுக்குள் ஒளித்துக்கொண்டு அவளைவிட உரக்கக் கத்தினான்.

நான் சொன்னேன்: "பிள்ளை, இவர்தான் அப்பா. இதெல்லாம் அப்பா உங்களுக்கு வாங்கினது. அவர் வரும்வரைக்கும் நான் சும்மா வைச்சிருந்தனான். பகிடிக்கு அப்பா எண்டு சொன்னனான்."

இதைப் பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம். இரண்டு பிள்ளைகளோடு கரடிக்கு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. குகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையிலும் மா ஒட்டிக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தேன். தள்ளுவண்டியோடு மெற்றில்டா நின்றாள். குடிவரவு அதிகாரி அவளுடைய பத்திரங்களை ஆற அமர வாசித்ததில் பிந்தியிருக்கிறாள். துவக்குகளைக் கண்ட பயத்தில் ஒரு பெடியன் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்து, தலையின் இடது பாதியை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றான். இந்தமுறை எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"என்னப்பா இது?" என்றாள் மெற்றில்டா.

நான் வெறுங்கையோடு நின்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் வானுக்குள் ஜெனிற்றா கேட்டாள்: "அந்தப் பெரிய கரடி ஆரின்ர?"

"உங்களுக்கு வாங்கினதுதான் பிள்ளை. உங்கட அப்பா அந்தச் செவன் கிங்ஸ் பிள்ளையளுக்குக் குடுத்திட்டார்" என்றார் சுவிஸ் அண்ணை, கேளாமலே.

ஜெனிற்றா கொஞ்சம் யோசித்தாள். "பரவாயில்லை. ஹோமிலையும் அப்பிடித்தான். ஆரும் சாமான் கொண்டுவந்தால் எங்களுக்கு வரேக்கை முடிஞ்சிடும்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் யன்னல் பக்கம் திரும்பி, வெளியில் இருந்த ஒன்றையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் மெற்றில்டாதான் வாயைத் திறந்தாள்.

"பெனியனாவது வாங்கினீங்களோ?"

அன்றைக்குப் பிள்ளைகள் இருவரும் என் காலுறைகளை முழங்கால்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

அவமானம் அதோடு முடியவில்லை. சில நாட்களில் சமூக சேவகி, ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர் இலங்கைக்கு எழுத வேண்டும். லண்டனில் முதல் நாள் எப்படி இருந்தது என்று ஜெனிற்றாவைக் கேட்டார்.

"அப்பாவைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு நிண்டது" என்றாள் அவள், மிகத் தெளிவாக. "வேற பிள்ளையளுக்கு அப்பா எண்டு சொன்னவராம்."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் நேர்மையான மனுசி, ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார். சமூக சேவகி பேனையைக் கீழே வைத்தார். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துபோனேன். நான் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவிஸ் அண்ணை பேசிய இங்கிலீஷை அப்படியே சொன்ன இடத்தில் சமூக சேவகி சிரிக்கத் தொடங்கி, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார், கொஞ்சம் நித்திரை கொள்ளும்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. நிக்சன் போய்த் திறந்தான். வெளியே மனிதர் தெரியவில்லை, ஒரு கரடிதான் தெரிந்தது. நான் வாங்கியதைவிடப் பெரிது. ஏயாப்போர்ட்டிலேயே சுவிஸ் அண்ணையிடம் விலாசம் வாங்கி வைத்திருந்த குகன் குடும்பத்தோடு வந்திருந்தார். அதுவரை என்னோடு ஒரு வார்த்தையும் பேசியிராத நிக்சன், கரடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பிக் கேட்டான்: "இது எங்களுக்கோ, செவன் கிங்ஸுக்கோ?"

அவன் என்னிடம் பேசிய முதல் வசனம் அதுதான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் என்ன பார்சல் வந்தாலும், மின்சார பில் வந்தாலும்கூட, யாராவது ஒருவர் அதைக் கேட்காமல் உறை கிழிவதில்லை. குகனின் மகள் என்னை 'ஹீத்ரோ அப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள். தன் கலியாணத்தில், சொந்த அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, மாப்பிள்ளைக்கும் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தாள். நானும் குகனும் ஒரே மேசையில் இருந்து, பேச்சுகள் முடியுமட்டும் நல்ல நித்திரை கொண்டோம்.

போன பிறந்தநாளுக்கு என் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எனக்கு ஒரு கைக்கடிகாரம் தந்தார்கள். நானும் விட்டுக்கொடுக்காமல், "இது எனக்கோ, செவன் கிங்ஸுக்கோ?" என்று கேட்டேன்.

நிக்சன், இப்போது என்னைவிட உயரமானவன், பெட்டியைத் தராமல் பிடித்துக்கொண்டு சொன்னான்: "முதல் கண்ணாடியைப் போட்டிட்டு வடிவாப் பாருங்கோ அப்பா, நாங்கள் உங்கட பிள்ளையள்தானோ எண்டு."