செயலாளர் நெஞ்சில் ஒட்டிய மெஷின்

"யாராவது ஒருத்தர் படுங்களேன். அஞ்சே நிமிஷம்!" குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஒருவரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. மேசைமேல் இருந்தது, நின்றுபோன இதயத்தை ஷாக் கொடுத்து எழுப்பும் மெஷின். சங்கத்தார் சோதித்துப் பார்ப்பதற்காகக் கம்பெனிக்காரர் கொடுத்தது. வாங்கலாமா என்ற இன்றைய ஓட்டெடுப்பில் தோற்றால் நாளை திரும்பிப் போய்விடும். போன மாதம் நாலாம் மாடிக்காரர் படிக்கட்டில் சுருண்டு விழுந்தார். நல்லவேளை, வெறும் மயக்கம். ஆனால் ஆம்புலன்ஸ் வரும்வரை எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அன்றைக்கே செயலாளர் இந்த மெஷினைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"தண்டச் செலவு," என்றார் ஆடிட்டர். செயலாளர் கிழக்கு என்றால் மேற்கு என்பவர்.

"அப்போ நானே படுக்கறேன்!" செயலாளர் சட்டையைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறிப் படுத்தார். அவர் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார்.

மெஷினின் பட்டைகள் நெஞ்சில் ஒட்டவில்லை. அவ்வளவு முடி.

மனைவி வீட்டுக்குப் போய் ரேசரோடு வந்தார். இருபது வருஷக் கோபத்தையும் சேர்த்து இரண்டு இடங்களில் மழித்துவிட்டார். பட்டைகள் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டன.

"இதயத்துடிப்பைப் பரிசோதிக்கிறேன். நோயாளி அசையக்கூடாது," என்றது மெஷின்.

"பார்த்தீங்களா, என்ன தெளிவா பேசுது! இதுல முதல் விஷயம் என்னன்னா..."

"அசைவு தெரிகிறது. நோயாளி அசையக்கூடாது."

"அசையலியே! விளக்கம்தான் சொல்றேன். ரெண்டாவது விஷயம்..."

"அசைவு தெரிகிறது."

"நீ கொஞ்சம் சும்மா இரேன்!"

"அசைவு தெரிகிறது."

"ரிப்பேர் மெஷினை நம்ம தலையில கட்டப் பார்க்கறார்!" ஆடிட்டர் துள்ளி எழுந்தார்.

செயலாளருக்குப் பகீரென்றது. வாயை இறுக மூடிக்கொண்டார். சொல்ல மிச்சமிருந்த பதினோரு விஷயங்களையும் விழுங்கினார்.

"ஷாக் தேவையில்லை. தொடர்ந்து கவனிக்கிறேன்," என்றது மெஷின். கவனித்துக்கொண்டே இருந்தது. அவரும் மூச்சுக் காட்டாமல் கிடந்தார். சும்மா இருப்பானேன் என்று ஆடிட்டர் மற்ற தீர்மானங்களை எடுத்தார். தண்ணீர்த் தொட்டி, வண்டி நிறுத்தம், மொட்டைமாடிச் சாவி என்று மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த எல்லாமே ஐந்து நிமிடத்தில் முடிந்தன.

கடைசியில் மெஷினுக்கு ஓட்டெடுப்பு. எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆடிட்டர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்!

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டைகளைப் பிய்த்துக்கொண்டு இறங்கி, வாசலில் நின்ற லிப்ட்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தியாப்பா, உயிரோட மதிப்பு எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்," என்றார் லிப்ட்காரர். "இனிமே கூட்டம் ஆரம்பிச்சதுமே இதை உங்களுக்கு ஒட்டிடணும்னு ஆடிட்டர் சார் சொல்லியிருக்கார்."