சி கொடுத்ததைத் திருப்புவது யார்?

சூரமங்கலத்தில் இஜாஸ் மேசையைக் குத்திய சத்தம் எதிர்வீட்டு மாடிவரை கேட்டது. கேட்காத மாதிரி எல்லோரும் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

நாமக்கல் முட்டைக் கம்பெனி ஒன்றுக்கு அவன் எழுதிய லாகின் படுத்துவிட்டது. ஆளைச் சரிபார்க்கும் பழைய புரோகிராம் சி என்ற கணினி மொழியில் இருந்தது. அதை, ரஸ்ட் என்ற புது மொழியில் எழுதிய பகுதியோடு இணைப்பது இவன் வேலை. ஒவ்வொரு லாகினுக்கும் சி கொஞ்சம் நினைவகம் கொடுக்கும். வேலை முடிந்ததும் சியிடமே திருப்பிவிட வேண்டும். இஜாஸ் திருப்பவே இல்லை. சாயங்காலத்துக்குள் லாகின் சர்வர் வயிறு முட்டி நின்றது.

மேனேஜர் குணசீலன் போனில் குரலை உயர்த்தவில்லை. இஜாஸுக்கு அதுதான் இன்னும் எரிச்சல். இப்படியே போனால் இவனை அனுப்பிவிட்டு வாஜித்தை உட்கார வைப்பதாகச் சொன்னார். வாஜித், இஜாஸின் சிபாரிசில் உள்ளே வந்தவன்.

கோபத்தில் இஜாஸ் நினைவகத்தை ரஸ்ட் கையாலேயே விடுவித்தான். சி கொடுத்ததை ரஸ்ட் விடுவித்தால் ஆகுமா? சாயங்காலம் விழுந்த சர்வர் இப்போது மத்தியானமே விழுந்தது.

"சோறு ஆறுது" என்றாள் மனைவி கௌசியா.

"இந்த சியை எழுதினவனக் கொண்டா. அப்புறம் சாப்பிடறேன்."

"அவன் நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பான்."

அந்தக் கடுப்பில் சியிடமே திருப்பினான். வழி சரிதான். ஆனால் அந்த நினைவகத்தின் முகவரியை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்திருந்ததால் இரண்டும் தனித்தனியாகத் திருப்பின. இப்போது ஒவ்வொரு லாகினுக்கும் விழுந்தது. மவுஸ் பால்கனி தாண்டிப் பறந்தது. அதைப் பொறுக்கிக் கொடுக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தவர்கள் நாலு பேர்.

மறுநாள்தான் புத்தி வந்தது. நினைவகத்துக்கு ஒரே சொந்தக்காரன், நகலெடுக்கத் தடை, திருப்புவது ஒரே முறை என்று மாற்றி எழுதினான். பொழுது சாயும்வரை சர்வர் விழவே இல்லை.

"தேறிட்டீங்க தம்பி" என்றார் குணசீலன்.

அதோடு விட்டானா? பாராட்டை வாடிக்கையாளர் வாயாலும் கேட்க வேண்டுமென்று, மேனேஜரையும் லைனில் வைத்துக்கொண்டு, முட்டைக் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் கந்தம்மாளைக் கூப்பிட்டு, லாகின் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"நேத்துவரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு, அது படுத்தப்பல்லாம் யாரு போனாலும் பாஸ்வேர்டு கேக்காம உள்ள உட்டுச்சு, ஏஜெண்டுங்க அவங்கவங்க ஊட்டுல இருந்தே முட்டை ரேட்ட மாத்திக்கிட்டாங்க, இன்னைக்குத்தானுங்க கெட்டுப்போச்சு."