வருங்கால மாமனாரின் ஃப்ரிட்ஜ்

மூன்றாவது நாளாகப் பால் திரிந்திருந்தது.

மெக்கானிக் பாத்திரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, முகர்ந்ததற்காக வருந்தினான். பெண் கேட்டு வந்த வீடு அது. "கல்யாணப் பேச்சு அப்புறம். மொதல்ல ஃப்ரிட்ஜைப் பாருங்க" என்று பெண்ணின் அப்பா திங்கட்கிழமை சொன்னார். அதோடு வாயை மூடியவர்தான். தினமும் இரண்டடி தள்ளி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இமைக்காமல் பார்த்தார். அந்தப் பார்வையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் பால் ஒரு மாதம் கெட்டிருக்காது.

செவ்வாயன்று பின்பக்க ஒயர் கழன்றிருந்தது. நன்றாக முறுக்கினான். புதனன்று மறுபடி கழன்றிருந்தது. தெர்மோஸ்டாட்டையே மாற்றினான். இன்று ஒயரோடு இரண்டு ஸ்குரூவையும் காணோம்.

"ஊர் ஃப்ரிட்ஜெல்லாம் உன் கைபட்டா ஓடுது. எங்க வீட்டுது மட்டும் ஏன் இப்படி?" என்று சமையலறைக் கதவோரம் நின்று பெண் கிசுகிசுத்தாள்.

"உங்கப்பா பாக்குறப்போ எந்த ஒயர் எதுன்னே மறந்துபோகுதுடி."

"அவர் மனசு குளிரணும்னா மொதல்ல பெட்டி குளிரணும். ஏதாவது பேச்சுக் குடு."

மூன்று நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். பயத்தில் கம்ப்ரசரின் கதையை, கேஸ் கசிந்த கதையை, சின்ன வயதில் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட கதையைக்கூடச் சொல்லிவிட்டான். கல்லுக்குச் சொல்லியிருந்தால் ஒரு ஓரமாவது உருகியிருக்கும்.

"சார், வெயில் ஜாஸ்தி இல்ல?"

அவர் ஸ்டூலை இன்னும் ஓரடி முன்னால் இழுத்துப் போட்டார்.

பதற்றத்தில் ஒயரை மாற்றிச் சொருகினான். 'பட்'டென்று ஒரு பொறி. ஃப்ரிட்ஜோடு சேர்ந்து விசிறி, விளக்கு, டி.வி. எல்லாம் அடங்கின. அந்த அமைதியில் அவனுடைய கல்யாணமும் அடங்கியது போலிருந்தது.

"சார், என்னால முடியல. நாளைலேர்ந்து வேற ஆளை அனுப்பறேன். பொண்ணு விஷயத்தையும்... மறந்துடுங்க."

அவர் திடுக்கிட்டு எழுந்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான்! அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைக் கட்டினான்.

அறைக்குள்ளிருந்து அவளுடைய அம்மா வந்தாள். கையில் இரண்டு ஸ்குரூ, ஒரு புத்தம்புது ஸ்குரூடிரைவர்.

"தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, ரிட்டயர் ஆனதுலேர்ந்து இவர்கிட்ட உக்காந்து பேச ஆளே இல்ல... கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித் தினம் வருவீங்களான்னு கேக்கச் சொல்றார். வர்றதா இருந்தா இனிமே ஒயரைக் கழட்ட மாட்டாராம்."