கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் மோட்டார்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் சுகம். மோட்டாரும் சுகம். நீங்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்பதால் சேர்த்தே எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: "சார், இது எங்க ஊரு மோட்டார்."

நீங்கள் அனுப்பிய அண்ணன்கள் இருவரும், ஊருக்கே தண்ணீர் ஏற்றும் அந்த ஒற்றை மோட்டாரைச் சித்தியின் பழைய சேலையில் சுற்றி, கழியில் கட்டித் தூக்கி மலையிறங்கி, பஸ்ஸில் அதற்கொரு சீட்டும் பிடித்து, பயிற்சி நிலைய வாசலில் வந்து நின்றபோது காவலாளி, "பேஷண்டை ஏன்பா இங்க கொண்டாந்தீங்க? ஆஸ்பத்திரி அடுத்த தெரு" என்றார். பெரியண்ணன், "காலைல வரைக்கும் நல்லாத்தாங்க ஓடிச்சு. திடீர்னு புகைஞ்சு படுத்துருச்சு. தங்கச்சி கை வெச்சா எழுந்துக்கும்" என்றார்.

எழுப்பிவிட்டேன். ஆனால் உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. மலைப் பிள்ளைகளுக்கான இந்த நிலையத்தில் வைண்டிங் பழக இருப்பது ஒரே மோட்டார். காலையில் வரும் நாங்கள் கம்பியைச் சுற்றுவோம், மாலையில் வருபவர்கள் பிரிப்பார்கள், பதினொரு வருடமாக அதே கம்பி. "இது ஓடுமா மாஸ்டர்?" என்று ஒருமுறை கேட்டேன். "சுத்துறதுதாம்மா பாடம். ஓட்டுறது பாடத்துல இல்ல" என்றார். அந்த மாஸ்டரே நம் மோட்டாருக்காகப் பீரோவைத் திறந்து புதுக் கம்பி எடுத்துக் கொடுத்தார். ஒன்பது நாள் சுற்றி, வார்னிஷ் அடித்து, வெயிலில் காயவைத்து முடித்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஆய்வுக்கு அதிகாரி வந்து நின்றார். நிலைய முதல்வர், அது யாருடையது என்று கேட்காமலே, மோட்டாரைக் கூடத்துக்குத் தூக்கிப்போகச் சொல்லி, அதற்கொரு ரிப்பனும் கட்டினார். ஸ்விட்ச் போட்டதும் அது ஓடிய வேகத்தில் அதிகாரி இரண்டடி பின்னால் குதித்தார். மாஸ்டர் வார்னிஷ் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதில் ஒரு இமை ஒட்டிக்கொண்டது. "எங்க பிள்ளைங்களே செஞ்சது சார்!" என்றார் முதல்வர். அதிகாரி என் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார். கூடமே கைதட்டிக்கொண்டிருந்தது. எனக்காக யாரும் அதுவரை கைதட்டியதில்லை, சித்தப்பா. "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

சாயங்காலமே கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. கீழே ஒரு அட்டையில் என் பெயர். சாப்பிடப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போகிறேன். நம் மோட்டார் பளபளவென்று சும்மா உட்கார்ந்திருக்கிறது. அம்மாவும் சித்தியும் அந்நேரம் குடத்தோடு ஓடைச் சரிவில் இரண்டாவது நடை ஏறிக்கொண்டிருப்பார்கள்.

நாளை காலை முதல்வரிடம் சொல்லிவிடுவேன். தலையணையிடம் இருபது தடவை சொல்லிப் பழகியாகிவிட்டது. அது மறுபேச்சுப் பேசவில்லை. சனிக்கிழமை அண்ணன்களைக் கழியோடு அனுப்புங்கள். அம்மாவைக் குடங்களைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் எல்லோர் காலையும் தொட்டதாகச் சொல்லுங்கள். வாண்டுகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
நீங்கள் படிக்க அனுப்பிய மகள்

பி.கு.: அண்ணன்களை அனுப்ப வேண்டாம். முதல்வரைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்குமுன் உட்காரச் சொல்லி, இங்கேயே துணை மாஸ்டர் வேலைக்கான உத்தரவைக் கையில் கொடுத்தார். "ரொம்ப நன்றி சார்" என்றேன். மோட்டார் இன்று காலை தலைநகரக் கண்காட்சிக்கு வேனில் போய்விட்டது. சித்தியின் சேலையில் சுற்றி, வழியில் ஆடாமலிருக்கக் கயிறு கட்டியது நான்தான்.